லீவு போட்டால் எவ்வளவு பிடிக்கலாம்? சம்பளமில்லா விடுப்பு பற்றிச் சில விளக்கங்கள்



நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த சில வாரங்களில் எமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் உதவி மனுக்களில் ஒரு வகை ஆண்டுக்காண்டு கூடி வருகிறது. வாடகை கட்ட முடியவில்லை, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை என்று எழுதியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "பெருநாளுக்கு இரண்டு நாள் லீவு போட்டேன், நான்கு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள்" என்பார்கள். "வாப்பா மவுத்தாகி ஊருக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தால் வேலையே இல்லை என்கிறார்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட மனுக்களைப் படித்துப் பார்த்தபோது, இவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது ஸகாத் நிதியல்ல, அவர்களுக்குச் சேர வேண்டிய கூலிதான் என்பது எங்களுக்குத் தெளிவாயிற்று. ஆகவேதான் இம்மாதம் இந்த விளக்கம்.

தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் வாழும் நம் குடும்பங்களில் மாதச் சம்பளக்காரர்களைக் காட்டிலும் நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் கூலி வாங்குபவர்கள் அதிகம். மெப்ஸ் வளாகத்தில் தைக்கிறார்கள், தோல் பொருள் செய்கிறார்கள்; ஜி.எஸ்.டி. சாலையின் துணிக்கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் நிற்கிறார்கள். குடோன்களில் பெட்டி அடுக்குகிறார்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் முழுமையாக வேலை செய்கிறார்கள். ஆனாலும் "நாம் டெய்லி வேஜஸ்தானே, நமக்கேது லீவு" என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. முதலில் களைய வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். கூலியை மணிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தாலும், தொடர்ந்து வேலை செய்கிற ஆளுக்குச் சட்டம் தரும் விடுப்பு உண்டு. அந்த விடுப்பெல்லாம் தீர்ந்த பிறகு வருவதுதான் சம்பளமில்லா விடுப்பு. நம் ஆட்களுக்கு முதல் நாளிலிருந்தே எல்லா லீவும் லாஸ் ஆஃப் பே என்று எழுதப்படுகிறது. பலர் அதைக் கேட்பதும் இல்லை.

முதலில் கழிக்க வேண்டிய நாட்கள்

கடை, ஹோட்டல், அலுவலகம் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 25-ஆம் பிரிவு மூன்று வகை விடுப்பைச் சொல்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. நியாயமான வேறு எந்தக் காரணத்துக்கும் 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு. பின்னால் சொன்ன இரண்டும் முதல் ஆண்டிலேயே உண்டு. ஆக, ஓராண்டு கடந்த கடைப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டில் 36 நாள் வரை சம்பளத்தோடு இடம் இருக்கிறது. மாமியின் ஜனாஸாவுக்குப் போன ஒரு நாளுக்குக் கூலி பிடித்தார்கள் என்றால், அந்த நாள் தற்செயல் விடுப்பில் போயிருக்க வேண்டிய நாள்.

தொழிற்சாலைகளில் கணக்கு வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய மத்தியச் சட்டங்கள் 29 அவற்றுக்குள் அடங்கின. புதிய தொகுப்பில் அந்த 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. 260 நாள் வேலை பார்த்த ஒருவருக்கு 13 நாள் வரும். கடைகள் சட்டமும், அடுத்துச் சொல்லப்போகும் பண்டிகை விடுமுறைச் சட்டமும் நம் மாநிலச் சட்டங்கள். மத்தியத் தொகுப்புகள் அவற்றை நீக்கவில்லை.

மணிக்கூலிக்காரருக்கு விடுப்பு நாளின் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சிலர் கேட்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டம் அதற்கு எளிய வழி சொன்னது: விடுப்புக்கு முந்தைய மாதத்தில் அவர் உண்மையில் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானம். ஓவர்டைமும் போனஸும் அதில் சேராது. மணிக்கூலி என்பது கணக்கிடும் முறை மட்டுமே. அதைக் காட்டி விடுப்பை மறுக்க முடியாது.

பெருநாள் யாருடைய விடுமுறை?

இதில்தான் குழப்பம் மிகுதி. ரம்ஜான், பக்ரீத், மிலாது நபி, முஹர்ரம் ஆகியவற்றுக்கு அரசு விடுமுறை விடுகிறது. ஆகவே எல்லோருக்கும் விடுமுறை என்று நாம் நினைக்கிறோம். அரசின் அந்தப் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்குமானது. தனியார் நிறுவனங்களுக்கு 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, பண்டிகைகளுக்காக ஐந்து நாட்கள், மொத்தம் ஒன்பது. இந்த ஒன்பது நாளும் சம்பளத்தோடு கூடியவை, நாள் கூலிக்காரருக்கும் சேர்த்து. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு.

அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்பதுதான் கேள்வி. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் நிர்வாகம் ஒரு பட்டியலைத் தயாரிக்கிறது. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று அது நிரம்பிவிடுகிறது. நம்மவர்கள் பட்டியல் ஒட்டப்படும்போது பார்ப்பதில்லை. பெருநாள் நெருங்கும்போது போய்க் கேட்டால், "பட்டியலில் இல்லையே" என்ற பதில் வருகிறது. அப்போது அவர்கள் சொல்வது சரிதான். கேட்க வேண்டிய காலம் நவம்பர், டிசம்பர். நம் ஆட்கள் கணிசமாக உள்ள இடத்தில் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பட்டியலில் வர வேண்டும் என்று பத்துப் பேர் கையெழுத்திட்டு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முடியாவிட்டால், பட்டியலில் உள்ள ஏதாவதொரு நாளில் நாங்கள் வேலைக்கு வருகிறோம், அதற்கு மாற்று விடுமுறையாகப் பெருநாளைத் தாருங்கள் என்று கேட்கலாம். மேலே சொன்ன மாற்று விடுமுறை விதி அதற்கு உதவும்.

பிறை விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பட்டியலில் அச்சிட்ட தேதி நாட்காட்டியைப் பார்த்துப் போட்டது. தலைமை காஜி அறிவிக்கும் நாள் ஒரு நாள் முன்னோ பின்னோ போகலாம். கடிதத்திலேயே "பிறை அறிவிப்பின்படி" என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துவிட்டால் கடைசி இரவில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு மன்றாட வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே பிரிவில் வேலை செய்யும் பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் இல்லாமல், நியாயமான காரணமும் காட்டாமல் ஒரே நாளில் நின்றால், முன்னறிவிப்புக் காலத்துக்கு ஈடாக எட்டு நாள் கூலி வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பெருநாள் நியாயமான காரணம்தான் என்று வாதாடலாம். வாதாடும் நிலைக்கே போகாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

தேர்தல் நாளைப் பற்றியும் பலருக்குத் தெரியாது. வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி பிரிவில் சொல்கிறது. வழக்கமாக வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற அடிப்படையில் வேலை பார்ப்பவருக்கும் அன்றைய கூலி உண்டு என்று அதே பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

ஜும்ஆவுக்கு இப்படித் தனிச் சட்டம் ஏதும் இல்லை. ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்ற தொழிற்சாலை விதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் சாப்பாட்டு இடைவேளையை ஜும்ஆ நேரத்துக்கு நகர்த்தி, கூடுதலாகும் இருபது நிமிடத்தை மாலையில் ஈடு செய்வது எங்களுக்குத் தெரிந்த பல இடங்களில் சுமுகமாக நடக்கிறது. கேட்காமல் போய்விட்டு அரை நாள் கூலியை இழப்பவர்களும் அதே பகுதியில்தான் இருக்கிறார்கள்.

எவ்வளவு பிடிக்கலாம்

சம்பள விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி எடுப்பது சம்பளமில்லா நாள்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விதி ஒன்று இருக்கிறது: வராத நேரம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் பிடிக்கலாம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த மாதத்தில் அவர் வேலை செய்ய வேண்டிய மொத்த நேரத்தில், வராத நேரம் என்ன பங்கோ, சம்பளத்தில் அதே பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 26 வேலை நாள், சம்பளம் 15,600 ரூபாய். நாளுக்கு 600, எட்டு மணி நேர வேலையானால் மணிக்கு 75. ஒரு நாள் வரவில்லை என்றால் 600 பிடிக்கலாம். 1,200 பிடிக்கக் கூடாது. அரை மணி நேரம் தாமதம் என்றால் 37 ரூபாய் 50 காசு. "மூன்று நாள் லேட் ஆனால் அரை நாள் கட்" என்று பல இடங்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மூன்று நாளும் சேர்த்து முப்பது நிமிடம் தாமதித்தவருக்கு 300 ரூபாய் பிடிப்பது வராத நேரத்துக்கான பிடித்தம் ஆகாது, அது அபராதம். அபராதத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பது அரசின் ஒப்புதல் பெற்று அறிவிப்பாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு மாத அபராதம் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் அது 468 ரூபாய். தவணை முறையிலும் வசூலிக்கக் கூடாது.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் வராவிட்டால் நடுவில் உள்ள ஞாயிற்றையும் சேர்த்து மூன்று நாளாகப் பிடிக்கும் வழக்கமும் இருக்கிறது. மாதச் சம்பளக்காரரைப் பொறுத்தவரை, வேலை செய்ய வேண்டிய நாளில் வராததற்குத்தான் பிடித்தம் என்று சட்டம் சொல்லும்போது, வாராந்திர விடுமுறையில் அவர் வரவேண்டியவரே இல்லை. இதை ஹெச்.ஆர். அலுவலரிடம் அமைதியாக எடுத்துக் காட்டிக் கேட்டு, பிடித்த தொகையைத் திரும்பப் பெற்றவர்கள் எங்கள் பகுதியில் உண்டு.

அட்டெண்டன்ஸ் போனஸ் மட்டும் வேறு. மாதம் முழுவதும் வந்தால் கூடுதலாக இவ்வளவு என்று நிபந்தனையோடு தருவதை, ஒரு நாள் வராததற்காக நிறுத்தினால் அதை எதிர்ப்பது கடினம். சேரும்போதே சம்பளம் எவ்வளவு, இந்த ஊக்கத்தொகை எவ்வளவு என்று பிரித்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பதினெட்டாயிரம் சம்பளம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, அதில் மூவாயிரம் ஊக்கத்தொகை என்பது முதல் லீவு போட்ட மாதத்தில்தான் தெரியவருகிறது.

கேட்டுப் போவதும் சொல்லாமல் நிற்பதும்

சம்பளமில்லா விடுப்பு என்பது அனுமதியோடு எடுப்பது. அனுமதி இல்லாமல் நின்றால் அது வராமை. சம்பளக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் கூலி இல்லை. வேலையே போகுமா நிற்குமா என்ற கேள்வி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எங்களிடம் வந்த ஒரு சகோதரியின் நிலையைச் சொல்கிறோம், பெயரும் இடமும் வேண்டாம். ஆறு ஆண்டுகள் தையல் வேலை. கணவர் திடீரென மவுத்தாகி, நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். ஜனாஸாவுக்கு வந்திருந்த தோழி சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. இத்தா முடிந்து போனபோது, பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம், புதிதாகச் சேர விரும்பினால் சேரலாம் என்றார்கள். புதிதாக என்றால் ஆறு ஆண்டுப் பணி கணக்கில் வராது; ஐந்து ஆண்டு முடித்ததற்கான பணிக்கொடையும் கேள்விக்குறியாகிவிடும். தனியார் துறையில் இத்தாவுக்கென்று தனி விடுப்பு எதையும் இந்தச் சட்டங்கள் சொல்லவில்லை. கணக்கில் உள்ள சம்பள விடுப்பு போக மீதியைச் சம்பளமில்லா விடுப்பாக எழுதிக் கேட்பதே வழி. அந்த ஒரு தாள் அவரிடம் இல்லை.

ஆனாலும் பெயரை எடுத்தது சரிதானா? இல்லை. பல நிறுவனங்களின் நிலையாணைகளில், விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலைமேல் உள்ள உரிமை போய்விடும் என்ற விதி இருக்கிறது. ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தில் டி.கே. யாதவ் என்ற தொழிலாளி இதே போன்ற விதியின் கீழ் 1980 டிசம்பரில் வெளியேற்றப்பட்டார். எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, தானாகவே வேலை போய்விட்டது என்றது நிர்வாகம். நான் தினமும் வந்தேன், வாசலிலேயே தடுத்துவிட்டார்கள் என்றார் அவர். 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும், விசாரணை நடத்தாமல், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது. பாதிச் சம்பள பாக்கியோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. பின்னர் 2012-இல், அரசுப் பணியாளர் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், வராமை வேண்டுமென்றே செய்ததா, கட்டுக்கு மீறிய காரணத்தாலா என்று பார்க்காமல் அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. யாதவுக்குத் தீர்ப்பு வரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. நம் சகோதரிக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வசதியில்லை. வழக்கறிஞர் மூலம் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினோம். இரண்டு சுற்றுப் பேச்சுக்குப் பிறகு பழைய பணித் தொடர்ச்சியோடு எடுத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

பணிக்கொடை விஷயத்தில் ஓர் ஆறுதல். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், நோய், விபத்து, விடுப்பு ஆகியவற்றால் ஏற்படும் இடைவெளியைப் பணி முறிவாகக் கொள்ளவில்லை. அனுமதி இல்லாத வராமையும்கூட, அதைப் பணி முறிவு என்று முறைப்படி உத்தரவு போடாத வரை தொடர்ச்சியைக் கெடுக்காது. "நடுவில் மூன்று மாதம் வரவில்லை, அதனால் ஐந்து ஆண்டு ஆகவில்லை" என்று வாய்க்கு வந்தபடி சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

எப்படி எழுதுவது? பெரிய ஆங்கிலம் தேவையில்லை. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இன்ன காரணத்துக்காக விடுப்பு வேண்டும். என் கணக்கில் உள்ள சம்பள விடுப்பு போக மீதி நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக அனுமதிக்க வேண்டுகிறேன். இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவேன்." இவ்வளவு போதும். நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். தர மறுத்தால் சூப்பர்வைசருக்கும் அலுவலகத்துக்கும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். திடீர் மவுத்து, திடீர் நோய் என்றால் அன்றே ஒரு செய்தி; விடுப்பு நீள வேண்டுமானால் முடிவதற்கு முன்பே மறு செய்தி. உம்ராவுக்குப் போகிறவர்கள் டிக்கெட் போட்ட பிறகு லீவு கேட்கிறார்கள், வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். சவூதியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு, அதுவரை ஹஜ் செய்யாதவராயின், பணிக்காலத்தில் ஒருமுறை ஹஜ்ஜுக்காகப் பத்து முதல் பதினைந்து நாள் சம்பள விடுப்பு அந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. அங்கிருந்து திரும்பிய நம் சகோதரர்கள் சிலர் அதே நினைப்பில் இங்கேயும் கேட்கிறார்கள். இங்குள்ள தனியார் வேலையில் அப்படியொரு சட்டம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

சம்பளமில்லா நாளால் போவது அன்றைய கூலி மட்டும் என்று நினைக்கிறோம். இ.எஸ்.ஐ. கணக்கைப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, தொழிலாளி பங்காக நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி பங்காக மூன்றே கால் ரூபாயும் கட்டுகிறார்கள். நோயுற்று வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நிபந்தனை என்னவென்றால், அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கான தகுதி. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரைக்கானது.

அந்தச் சகோதரி ஏப்ரல் தொடக்கத்தில் இத்தாவில் அமர்ந்திருந்தால் ஆகஸ்ட் முதல் வாரம் வரை கூலி இல்லை, பங்கும் இல்லை. மீதி இருப்பது ஐம்பது சொச்சம் நாட்கள். 78 எட்டாது. அடுத்த ஜனவரியில் அவருக்கு டைஃபாய்டு வந்தால் அந்த 70 சதவீதம் கிடைக்காது. அதே விடுப்பில் முதல் சில வாரங்களைச் சம்பள விடுப்பாக எழுதியிருந்தால் அந்த நாட்கள் கணக்கில் ஏறியிருக்கும். நீண்ட விடுப்பு எடுக்கும் முன் இந்த 78-ஐ எண்ணிப் பாருங்கள். மகப்பேறு உதவித்தொகைக்கு, முந்தைய இரண்டு ஆறு மாதக் காலங்களில் மொத்தம் 70 நாள் பங்கு தேவை. கருவுற்ற நிலையில் உடல் முடியாமல் வீட்டில் இருந்துவிடும் நம் பெண்கள் இதை அறியாமல் இழக்கிறார்கள்.

உடல்நலக் குறைவால் நின்ற நாட்களைச் சும்மா சம்பளமில்லா நாளாக விட்டுவிட வேண்டாம். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சான்று வாங்குங்கள். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது, மூன்றாம் நாளிலிருந்து வரும். பணத்தை விடவும், அந்தச் சான்று இருந்தால் "சொல்லாமல் நின்றார்" என்று யாரும் எழுத முடியாது.

சட்டப்படியான போனஸுக்கும் ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். பி.எஃப். ஓய்வூதியத்தில் பங்கு கட்டாத நாட்கள் தனியே குறிக்கப்பட்டுச் சேவைக் காலத்தில் கழியும். இவற்றை விரிவாக வேறொரு இதழில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு மேலே சொன்ன விடுப்புச் சட்டங்கள் பொருந்துவதில்லை என்பது வருத்தமான உண்மை. 2018-இல் தமிழக அரசு அவர்களுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்துகொள்வதற்கான விண்ணப்பத்தை எமது அலுவலகத்தில் பூர்த்தி செய்து தருகிறோம்.

நம் கடைகளில்

நம்மில் முதலாளிகளும் பலர். பிரியாணிக் கடை, செருப்புக் கடை, மொபைல் கடை, பேக்கரி என்று நம் சமுதாயத்தார் நடத்தும் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த 12, 12, 12 நாட்கள் கிடைக்கின்றன? மெப்ஸில் இரண்டு நாள் கூலி பிடித்தார்கள் என்று நம்மிடம் வந்து அழுதவரின் சொந்தக்காரர் கடையிலும் அதே பிடித்தம்தான் நடக்கிறது. அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் அடுப்படியில் நிற்கும் பையன் பெருநாளுக்கு ஊர் போய் இருபது நாள் கழித்து வந்தால், அவனுக்குச் சேர வேண்டிய விடுமுறைச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துத் தருகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். போகும்போது ஒரு சட்டையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்து அனுப்புகிறோம். அது நல்ல காரியம்தான், ஆனால் அது அன்பளிப்பு. கூலி பாக்கி அதில் கழியாது. பணியாளருக்குத் தர வேண்டிய கூலிக்குப் பதிலாக ஸகாத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க முடியாது என்பதையும் ஆலிம்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

வேலையை விட்டு நிற்பவருக்கும் நிறுத்தப்படுபவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்பது இப்போதைய ஊதியச் சட்டம். "அடுத்த மாதம் வா" என்று அலைய வைப்பது நம் கடைகளில் சர்வ சாதாரணம். சிறிய கடைக்கு ஹெச்.ஆர். தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு, வந்த நாள், சம்பள விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்று மூன்று கோடு கிழித்து மாதக் கடைசியில் அவரிடமே கையெழுத்து வாங்கினால் இரு தரப்புக்கும் வழக்கு இல்லை.

பிடித்தம் தவறு என்று தோன்றினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கடைப் பணியாளர்கள் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடமும், தொழிற்சாலைப் பணியாளர்கள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் மனு கொடுக்கலாம். கான்ட்ராக்டர் கூலியைக் கொடுக்காமல் மறைந்துவிட்டால் மூல நிறுவனமே கொடுக்கப் பொறுப்பு. வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் அருகில் உள்ள சட்ட உதவி மையத்தைச் சொல்வார்கள்.

எமது அலுவலகத்துக்கு வருபவர்கள் கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது அல்லது வங்கிப் பதிவு, அடையாள அட்டை, விடுப்புக் கேட்ட கடிதம் அல்லது வாட்ஸ்அப் செய்தி, இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றைக் கொண்டுவரவும். ரசீது தராத இடமானால், வேலைக்குப் போன நாட்களை ஒரு காலண்டரில் குறித்து அதைக் கொண்டுவந்தாலும் போதும். அஸர் தொழுகைக்குப் பின் இஷா வரை உறுப்பினர் ஒருவர் இருப்பார். பெண்கள் ஞாயிறு காலையில் வரலாம், அன்று சகோதரிகளே மனு எழுதித் தருகிறார்கள்.